தட்டை தின்றால் வாய் எரிவது ஏன்? உங்கள் அனுபவம் என்ன?

மன்னார்குடி:
கோகுலாஷ்டமி முடிந்தால் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் நாக்கால் அண்ணத்தைத் தடவிக்கொண்டே திரிவார். இந்த முறை மாமனார். டார்ச் அடித்துப் பார்த்தேன். தட்டையின் உடைந்த விளிம்பு, முன்பல்லுக்குப் பின்னால் மெல்லிய சிவப்புக் கோடாகக் கீறியிருந்தது. அதற்குப் பிறகும் மிக்சரை விடவில்லை. "உப்பை அள்ளிப் போட்டுவிட்டாய்" என்று பழி மட்டும் என் தலையில். அதே தட்டையை என் மகள் டப்பாவோடு தீர்த்தாள், ஒரு எரிச்சலும் இல்லை.

வேதாரண்யம்:
அக்கா, உப்பளத்துக்காரன் சொல்கிறேன், பாதிப் பழிதான் உப்புக்கு. நம் உடம்பு நீரில் உப்பு ஏறக்குறைய 0.9 சதவீதம். கடல்நீரில் 3.5. பாத்தியில் உப்பு விளையும்போது 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். மிக்சரின் மேல் ஒட்டிய பொடியுப்பு எச்சிலில் கரையும் இடத்தில் கிட்டத்தட்ட அந்தப் பாத்தித் தண்ணீர்தான். செறிவு கூடிய பக்கம் நீரை இழுத்துக்கொள்ளும். வாயின் உட்தோல் வறண்டு சுருங்கும். கீறல் இருந்தால் உப்பு நேராக நரம்பு முனையைத் தொட்டுவிடுகிறது. உப்பு வாருபவர்களின் பாதத்தைப் பார்த்தால் தெரியும். வெடிப்பில்லாத காலோடு நாளெல்லாம் நிற்பவர்கள், வெடிப்பு விழுந்தால் பாத்தியில் இறங்கவே பயப்படுவார்கள்.

உப்புநீரில் கொப்பளித்தால் மட்டும் இதமாக இருப்பதும் இதே கணக்குதான். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரை டீஸ்பூன் போட்டால், உடம்பின் உப்பளவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். கைப்பிடி போட்டால் அதுவும் எரியும்.

திருவாரூர்:
காரத்தை விட்டுவிட்டீர்களே! மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் நரம்பைத் தூண்டிவிடும். அதனால்தான் ஆறிப்போன மோர்மிளகாயும் சுடுகிறது. அது தண்ணீரில் எளிதில் கரையாது, சொம்பு சொம்பாகக் குடித்தும் பயனில்லை. கெட்டி மோர் கேளுங்கள். பால் புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும்.

கும்பகோணம்:
எங்கள் பெரியப்பாவுக்கு நடந்தது வேறு. சாப்பாடு தவறினாலும் வெற்றிலை சீவல் தவறாது. எங்கள் ஊரில் இதை யாரும் குறையாகச் சொல்வதும் இல்லை. முதலில் காராசேவு எரிகிறது என்றார். பிறகு ரசம். பெரியம்மா மிளகாயைக் குறைத்து, உப்பைக் குறைத்து, கடைசியில் அவருக்குத் தனிச் சமையலே நடந்தது. வாயில் புண் ஒன்றும் இல்லை. பல் மருத்துவர் மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். இரண்டுதான் போயின. கன்னத்தின் உட்புறம் வெளிறி, தொட்டால் நார் நாராக இறுகியிருந்தது. பாக்கினால் வரும் நோய் இது, பலருக்குக் காரமும் உப்பும் எரிவதுதான் முதல் அறிகுறி என்றார். சிலருக்குப் புற்றாகவும் மாறுமாம். "நான் புகையிலையே தொட்டதில்லையே" என்று பெரியப்பா வாதாடினார். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இருக்கிறது. இப்போது பாக்கை விட்டுவிட்டார். மேலும் இறுகாமல் இருக்கலாம், இறுகியது பழையபடி தளராது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

திருவாரூர்:
பள்ளிக்கூடத்துப் பையன்கள் வாங்கி மெல்லும் வாசனைப் பாக்குப் பொட்டலமும் இதில் சேர்த்தியா?

கும்பகோணம்:
அதுவும் பாக்குதானே. வெற்றிலையாவது பாதி இடத்தை அடைக்கும். பொட்டலத்தில் பெரும்பங்கு பாக்கேதான்.