காரணம் தெரியாத மஞ்சள்காமாலை: பிள்ளைக்குக் கல்லீரல் பயாப்ஸி எடுத்தவர்கள் பகிருங்கள்

கோத்தகிரி அம்மா:
2022 ஜூன், மலையில் சாரல் பிடித்த நேரம். என் மகளுக்கு ஐந்து வயது. மூன்று நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும் இருந்து நின்றது. சரி, தேறிவிட்டாள் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம் சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனது. கண் மஞ்சள். எஸ்டேட் லைனில் பெரியவர்கள் சொன்னபடி கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நான்கு நாள் கொடுத்தேன். அந்த நான்கு நாளை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது. ஐந்தாம் நாள் பகலெல்லாம் தூங்கினாள், ராத்திரியெல்லாம் விழித்துக்கொண்டு சம்பந்தமில்லாமல் பேசினாள். இதைச் சொன்னதும் இங்கிருந்த டாக்டர், "இப்பவே கோயமுத்தூர் இறங்குங்கம்மா" என்றார்.

அங்கே கல்லீரல் அழற்சி தரும் ஹெபடைடிஸ் வைரஸ்கள் ஏ, பி, சி, ஈ எல்லாம் நெகடிவ். ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 2.1 இருந்தது. பயாப்ஸி, அதாவது கல்லீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். ரத்தம் உறையாத குழந்தைக்கு வயிற்றில் குத்த முடியாது, கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளிருந்தே எடுப்போம், கசிந்தாலும் ரத்தம் ரத்தக்குழாய்க்குள்ளேயே போய்விடும் என்று விளக்கினார்கள். கையெழுத்துப் போடும்போது பேனா நிற்கவில்லை. ரிப்போர்ட்டில் வந்தது: கடுமையான அழற்சி, செல்கள் பரவலாக அழிவு, வைரஸ் அடையாளம் இல்லை, காரணம் தெளிவாகவில்லை. இதற்காகவா பிள்ளை கழுத்தில் ஊசி போட்டோம் என்று அழுதேன். யாருக்காவது இப்படி வந்ததா?

கொடைக்கானல் தம்பி:
அக்கா, நான் மதுரையில் திசுப் பரிசோதனை லேபில் டெக்னீசியன். அந்தத் துண்டு எங்களிடம் எப்படி வரும் தெரியுமா? திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் பாட்டிலில் ராகி சேமியா மாதிரி ஒரு துணுக்கு, ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். மெழுகில் பதித்து, மூன்று நான்கு மைக்ரான் கனத்தில் சீவி, சாயம் ஏற்றுவோம். நல்ல கல்லீரல் மைக்ராஸ்கோப்பில் தேயிலைத் தோட்டம் மாதிரி இருக்கும்: வரிசையாகச் செல்கள், நடுவே ஆள் நடக்கிற தடம் போல ரத்தம் ஓடும் இடைவெளி. கடும் ஹெபடைடிஸில் வரிசை கலைந்து, சில செல்கள் ஊதிப்போய், பாத்தி பாத்தியாகச் செடியே இல்லாமல் கிடக்கும். சுற்றிலும் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் கூட்டம்.

வைரஸ் தெரியவில்லை என்றால் பரிசோதனை வீண் என்று நினைக்காதீர்கள். அதே 2022-ல் உலகம் முழுக்கக் குழந்தைகளுக்குக் காரணம் தெரியாமல் வந்த கல்லீரல் அழற்சி பற்றித்தான் பேச்சு. ஸ்காட்லாந்தில் தொடங்கி, ஜூலைக்குள் 35 நாடுகளில் ஆயிரத்துக்கு மேல் குழந்தைகள். அமெரிக்காவில் அலபாமாவில் ஒன்பது குழந்தைகளுக்கும் ரத்தத்தில், சாதாரணமாகச் சளி, வயிற்றுப்போக்கு தரும் அடினோவைரஸ் இருந்தது. ஆனால் பயாப்ஸி எடுத்த ஆறு பேரின் கல்லீரலில் அழற்சி மட்டும்தான். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில்கூட வைரஸ் துகள் இல்லை. 2023-ல் வந்த ஆய்வுகளில்தான் ஏ.ஏ.வி.2 என்ற சின்ன வைரஸின் மரபணு நிறையக் கிடைத்தது. அது தனியாகப் பெருகாது, அடினோவைரஸ் போன்ற துணை வேண்டும். ஸ்காட்லாந்தில் சோதித்த 27 பேரில் 25 பேருக்கு ஒரே மாதிரியான ஒரு எதிர்ப்புச்சக்தி மரபணு வகை. அதனால், வைரஸ் நேராகக் கல்லீரலைத் தின்றதைவிட உடம்பின் பாதுகாப்புச் செல்களே பாய்ந்திருக்கலாம் என்ற எண்ணம் பலப்பட்டது. உங்கள் மகளுக்கு வந்ததும் அதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். துகளைக் காணோம் என்ற வரி மட்டும் உங்களைச் சாய்க்க வேண்டாம் என்கிறேன்.

ரிப்போர்ட்டில் ரெட்டிகுலின் சாயம் பற்றி இருக்கிறதா பாருங்கள். அது செல்லைத் தாங்கும் வலையைக் கருப்பாகக் காட்டும். வலை நின்றால் அதைப் பிடித்துக்கொண்டு புதுச் செல் வரிசையாக முளைக்கும், கவாத்து வெட்டிய செடி துளிர்க்கிற மாதிரி.

கூடலூர் அப்பா:
எங்கள் பையனுக்குப் பயாப்ஸிதான் வழி காட்டியது. துணுக்கில் பிளாஸ்மா செல்கள் என்ற பாதுகாப்புச் செல்கள் நிறைய இருந்ததைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையோடும் சேர்த்து, உடம்பே கல்லீரலைத் தாக்கும் ஆட்டோஇம்யூன் வகை என்றார்கள். ஸ்டீராய்டு தொடங்கினார்கள். மாத்திரை இன்னும் ஓடுகிறது, பையன் ஃபுட்பால் ஆடுகிறான். பயத்தில் மறுத்திருந்தால் வெறும் மஞ்சள்காமாலை என்றே இருந்திருப்போம்.

கோத்தகிரி அம்மா:
தம்பி, பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பக்கக் கடைசியில் இருக்கிறது: "ரெட்டிகுலின் வலை பெரும்பாலும் நிலைத்துள்ளது, புதுச் செல் வளர்ச்சி காணப்படுகிறது." மூன்று வருடத்துக்கு மேல் நான் காரணம் தெளிவாகவில்லை என்ற வரியையே படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் நாள் ஐ.என்.ஆர். 1.3-க்கு இறங்கியதும் டாக்டர்கள் கல்லீரல் மாற்று அறுவை பேச்சை நிறுத்தியது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. அந்த மெழுகுத் துண்டு இன்னும் இருக்குமா?

கொடைக்கானல் தம்பி:
மெழுகு பிளாக் வருடக்கணக்கில் கெடாது அக்கா. எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள் என்பது லேபுக்கு லேப் மாறும். பயாப்ஸி எண் ரிப்போர்ட்டின் மேல் ஓரத்தில் இருக்கும். அதைச் சொல்லி இந்த வாரமே போன் போட்டுக் கேளுங்கள்.