வீட்டிலை பாத்த படங்கள்: புள்ளியோடை உங்கடை கதையையும் போடுங்கோ

கொக்குவில்காரன்:
மெய்யழகன். 10க்கு 8. 2024 இலை வந்த படம், எல்லாரும் பாத்திருப்பியள், கதை சொல்லத் தேவையில்லை. எனக்குச் சொல்ல இருக்கிறது அப்பாவைப் பற்றி.

போன சனி இரவு நானும் அவரும் மட்டும் வீட்டிலை. வழமையா அரை மணித்தியாலத்துக்குள்ளை கதிரையிலையே நித்திரை ஆகிற மனிசன். அண்டைக்கு அரவிந்த் சாமியின்ரை குடும்பம் தஞ்சாவூர் வீட்டை விட்டு வெளிக்கிடேக்கையே நிமிந்து இருந்திட்டார். பேந்து அந்தச் சைக்கிள் கதை வருமெல்லோ, இவை விட்டிட்டுப் போன சைக்கிளாலை கார்த்தி வீட்டுக்காரர் தலையெடுத்த கதை. அப்பா கையை நீட்டி "நிப்பாட்டு" எண்டார்.

நிப்பாட்டினன். கழிப்பறைக்குப் போகப்போறார் எண்டு நினைச்சன். மனிசன் ரீவியைப் பாத்தபடியே ஒரு இலக்கம் சொன்னார். ஏழோ எட்டோ எண். "என்னப்பா அது?" எண்டு கேட்டன். "என்ரை ரலிச் சைக்கிளின்ரை பிறேம் நம்பர்."

1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தண்டு, மழைக்குள்ளை நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடியிலை செயின் அறுந்து, ஆரோ ஒரு கிழவனின்ரை படலைக்குள்ளை சாத்தி வைச்சிட்டு வந்தவராம். 96 இலை திரும்பிப் போகேக்கை கிழவனும் இல்லை, சைக்கிளும் இல்லை. முப்பது வருசத்திலை இந்தக் கதையை அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாவுக்கும் தெரியாது. பேந்து "சரி, போடு" எண்டார். படம் முடிஞ்சு லைற் நூக்கேக்கை ஒரே ஒரு கேள்வி: "எடுத்தவன் செயினை மாத்தியிருப்பானோ?"

அதுதான் எனக்கு விடாமல் நிக்குது. உங்களுக்கு எது?

ஒடியற்கூழ்:
டூரிஸ்ட் ஃபேமிலி. 7.5.

சசிகுமாரும் சிம்ரனும் ரெண்டு பெடியளோடை படகிலை போய் இறங்கி, சென்னையிலை ஒரு கொலனியிலை குடியிருக்கினம். சின்னவன் முள்ளியா வாற பெடியன் படத்தையே தூக்கிக்கொண்டு போறான். 2002 இலை கன்னத்தில் முத்தமிட்டால் படத்திலை எங்கடை பிள்ளையை எடுத்து வளர்த்த சிம்ரன், 2025 இலை எங்கடை அம்மாவாவே வந்திட்டா. அதை நினைச்சுச் சிரிச்சுக்கொண்டிருந்தன்.

யோகி பாபு அவைக்கு உங்கடை தமிழிலை வெளியிலை கதைச்சிடாதேங்கோ எண்டு சொல்லுற இடத்திலை என்ரை மகன் (ஏழு வயசு) திரும்பி, "அம்மா, எங்கடை கதையிலை என்ன பிழை?" எண்டு கேட்டான்.

எனக்கு வாய் திறக்கேலாமல் போச்சு. 2016 இலை அம்மாவின்ரை கண் ஒப்பரேசனுக்குச் சென்னை போனனாங்கள். ஓட்டோக்காரர் ஏதோ கேட்டார், நான் "ஆமாங்க, அங்கதாங்க" எண்டன். ஊர்க்காரர் இல்லை எண்டு தெரிஞ்சால் காசு கூடக் கேப்பினம் எண்ட பயம். அம்மா ஒரு கண்ணிலை கட்டு. மற்றக் கண்ணாலை என்னை முழுசாத் திரும்பிப் பாத்து, "ஆர் பிள்ளை உது கதைக்கிறது?" எண்டா.

பகிடியாத்தான் கேட்டவ எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்.

வடமராட்சி வாத்தி:
தங்கச்சி, உங்கடை கதை நல்லம். படத்துக்கு 7.5 கூடிப்போச்சு. நான் 5 தான் குடுப்பன்.

2022 மார்ச்சிலை இருந்து இஞ்சயிருந்து படகேறின சனத்தை அரிச்சல்முனைப் பக்கம் இறக்கிவிட்டிட்டுப் போனவங்கள். அங்கயிருந்து பொலிஸ் விசாரணை, பேந்து மண்டபம் அகதி முகாம். இந்தப் படத்திலை ஒரு பொலிஸ்காரன் மனமிரங்கி விட்டுவிடுறார், அடுத்த காட்சியிலை சென்னையிலை வாடகை வீடு. அண்டைக்கு மாவும் மண்ணெண்ணெயும் வரிசையிலை நிண்டு வாங்கேலாமல் குஞ்சு குருமானோடை கடலிலை இறங்கின குடும்பத்தை எனக்குத் தெரியும். அவை பாத்தால் என்ன நினைப்பினம்?

மொழி எண்டு வந்தால் தெனாலியைச் சொல்லாமல் விடேலாது. 2000 இலை வந்தது. கமல் கதைச்ச தமிழ் பிழையில்லை, கனக்க உழைச்சிருக்கிறார். ஆனால் அதுக்குப் பிறகு நாங்கள் வாயைத் திறந்தாலே அங்கை சிரிப்பு. நானே திருச்சியிலை ஒரு சாப்பாட்டுக் கடையிலை "கொஞ்சம் சொதி விடுங்கோ" எண்டு கேட்டு, அந்தத் தம்பி உள்ளை போய் மற்றவனையும் கூட்டிக்கொண்டு வந்து "திரும்பச் சொல்லுங்க சார்" எண்டவன். சொன்னனான். எனக்கு வெக்கம் இல்லை.

மகனுக்கு இப்பவே விளங்கப்படுத்துங்கோ. ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு பேச்சு, கோயம்புத்தூருக்கு ஒண்டு, நெல்லைக்கு ஒண்டு, எங்களுக்கு ஒண்டு. வீட்டிலை கார்ட்டூனைக் குறையுங்கோ, இந்தியத் தமிழ் டப்பிங் கேட்டுக் கேட்டுத்தான் இப்பத்தைப் பிள்ளையள் "அம்மா இங்க வாங்களேன்" எண்டு திரியுதுகள். இரவிலை ஒரு பக்கம் சத்தம் போட்டு வாசிக்கப் பழக்குங்கோ. பேரன் பேத்தியோடை அம்மாவைக் கதைக்க விடுங்கோ. நான் 31 வருசம் படிப்பிச்சனான், சொல்லுறதைக் கேளுங்கோ.

ஒடியற்கூழ்:
சேர், நான் பாடம் கேக்கேல்லை. 🙂 அம்மா 2019 இலை மோசம் போட்டா.

வடமராட்சி வாத்தி:
மன்னிச்சுக்கொள்ளுங்கோ பிள்ளை.

மண்ணெண்ணெய்க்காலம்:
நீங்களெல்லாம் புதுப்படம். நான் போன கிழமை பாத்து முடிச்சது மூன்றாம் பிறை. 1982 படம். "பாத்து முடிச்சது" எண்டதைக் கவனியுங்கோ.

93 ஆ 94 ஆ நினைவில்லை. கரண்ட் இல்லாத காலம். எங்கடை ஒழுங்கைப் பெடியள் காசு சேர்த்து ரீவி, டெக், ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து ஒரு இரவிலை மூண்டு படம் போடுறது. பெற்றோலிலை ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை ஓடவிடுறது தெரியும்தானே, புகை படத்தை விடக் கூட. இது மூண்டாவது படம், விடியப்புறம் மூண்டு மணி இருக்கும். சிறீதேவிக்குச் சுகமாகிற கட்டம். மண்ணெண்ணெய் முடிஞ்சுது. ஜெனரேட்டர் ரெண்டு இருமல் இருமி நிண்டிட்டுது. இருட்டு. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு எழும்பிப் போச்சு.

எனக்கு ஒன்பது வயசு. நடந்து வரேக்கை அக்காட்டைக் கேட்டன், பிறகு என்ன? "பிறகென்ன, கலியாணம் கட்டிச் சந்தோசமா இருப்பினம்" எண்டா.

நம்புவியளோ தெரியாது, முப்பது வருசம் நான் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தன். ஆரும் அந்தப் படத்தைப் பற்றிக் கதைச்சால் நல்ல சந்தோசமான படம் எண்டு சொல்லியும் இருக்கிறன். போன கிழமை போனிலை, கட்டிலிலை படுத்துக்கொண்டு, மனிசி பிள்ளையள் நித்திரை. அந்த ரெயில் நிலையம். மழை. கமல் குரங்கு மாதிரி ஆடிக் காட்டுறார், குடத்தைத் தலையிலை வைக்கிறார், அவ ஆரோ பிச்சைக்காரன் எண்டு நினைச்சுப் பாக்கிறா.

எழும்பி வெளியிலை போய் நிண்டன். அந்த நேரத்திலையே ரொறன்ரோவுக்கு அக்காவுக்கு எடுத்தன், அங்கை பின்னேரம். "ஏன் அப்பிடிச் சொன்னனீ?" எண்டு கேட்டன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, "எனக்கும் தெரியாதடா, நானும் பாக்கேல்லைத்தானே. அவை கட்டேல்லையோ?" எண்டா.

சொல்லவோ விடவோ எண்டு யோசிச்சு, "கட்டினவை" எண்டு சொல்லி வைச்சிட்டன்.

பிளேன்ரீ:
அண்ணை, அதெல்லாம் சரி, புள்ளி எங்கை? தலைப்பிலையே கேட்டிருக்கு.

அந்தப் படத்தை எடுத்த பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியிலை பிறந்தவர் எண்டது தெரியுமோ? அந்தப் படத்துக்கு ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது எடுத்தவர். அதைப் போய்ப் போனிலை, கட்டிலிலை, இருட்டுக்குள்ளை! எனக்கு நெஞ்சு வலிக்குது.

என்ரை அனுபவம் சின்னன். மச்சான் புது ரீவி வாங்கி மெய்யழகன் போட்டான், எனக்கு நாடக சீரியல் பாக்கிற மாதிரி இருந்துது, 4 புள்ளி எண்டு சொல்லிப்போட்டன். ஒரு கிழமைக்குப் பிறகு என்ரை வீட்டிலை பாத்து 9 ஆக்கினன். அதாலை சொல்லுறன், ஆரும் புள்ளி போட முதல் ரீவியைச் சரியாக்குங்கோ.

படம் எடுக்கிறது ஒரு செக்கனுக்கு 24 பிறேம். ரீவி அதுக்கு இடையிலை தானே பிறேம் செய்து நிரப்புது, அதாலைதான் ஆக்கள் வழுக்கிக்கொண்டு நடக்கிற மாதிரித் தெரியுது. செற்றிங்கிலை போய் நிப்பாட்டுங்கோ. சாம்சங் எண்டால் ஆட்டோ மோஷன் பிளஸ் (புதுசுகளிலை பிக்சர் கிளாரிட்டி), எல்ஜி எண்டால் ட்ரூமோஷன், சோனி எண்டால் மோஷன்ஃப்ளோ. பேர் வேறை, வேலை ஒண்டு. அடுத்தது, கடையிலை காட்சிக்கு வைக்கிற விவிட் மோடிலையே வீட்டிலையும் விடாதேங்கோ. சினிமா மோட் போடுங்கோ. முதல் ரெண்டு நாள் மஞ்சளாத் தெரியும், கண் பழகிடும்.

சத்தம். கதைக்கிறது கேக்கேல்லை, சண்டைக்கு மட்டும் காது கிழியுது எண்டு எல்லாரும் புறுபுறுக்கிறியள். 5.1 ஒலியிலை, அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரிச்சு வாற ஒலியிலை, வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போறது. உங்கடை ரீவியிலை நடு ஸ்பீக்கர் இல்லை. ஓடியோவிலை போய் ஸ்ரீரியோவைத் தெரிவு செய்யுங்கோ, கனக்கத் தெளியும். சன்னலுக்கு நேரெதிரா ரீவி வைச்சிருக்கிறவை பகலிலை பாக்கவே வேண்டாம். ஃபான் சத்தத்தையும் ஒருக்காக் கவனியுங்கோ.

மண்ணெண்ணெய்க்காலம்:
தம்பி, நான் அந்தப் படத்தைப் பாதி பாத்தது 14 அங்குல ரீவியிலை, நாற்பது பேருக்குப் பின்னாலை, ஒரு ஐயாவின்ரை தோளுக்கு மேலாலை. உமக்குப் புள்ளிதானே வேணும்? கடைசிக் காட்சி வரைக்கும் 10. கடைசிக் காட்சிக்குப் புள்ளி போட எனக்கு விருப்பமில்லை.

மூண்டாம் குறுக்கு:
தீபன். 6.

பிரெஞ்சுப் படம், 2015 இலை கான் திரைப்பட விழாவிலை 'தங்கப் பனை' எண்ட பெரிய விருதை எடுத்தது. அல்லைப்பிட்டியிலை பிறந்த ஷோபாசக்தி கதாநாயகன். இவ்வளவு காலமும் பாக்காமல் விட்டது என்ரை பிழை. லப்ரொப்பிலை ஹெட்ஃபோன் போட்டுப் பாத்துக்கொண்டிருந்தன். அம்மா உடுப்பு மடிக்க வந்தவ, எழுத்து வேறை மொழியிலை ஓட ஆக்கள் எங்கடை ஆக்களா இருக்கினமே எண்டு பக்கத்திலை இருந்திட்டா. ஹெட்ஃபோனைக் கழட்டினன்.

தொடக்கத்திலை அந்தப் பொம்பிளை அகதி முகாமிலை தாய் தகப்பன் இல்லாத பிள்ளை தேடித் திரிவா, குடும்பம் எண்டு காட்டி வெளிநாடு போக. ஒரு பிள்ளையைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு போவா. அவ்வளவுதான், நிமிசக் கணக்குக் காட்சி. படம் பிரான்சுக்குப் போட்டுது, வேலை, சண்டை, கனக்க நடக்குது. அம்மா ஒண்டையும் பாக்கேல்லை. மடிச்ச சேட்டையே திரும்பத் திரும்ப மடிச்சுக்கொண்டு, "அந்தப் பிள்ளையின்ரை சொந்தக்காரர் பிறகு தேடமாட்டினமோ?" எண்டு கேட்டா.

"படமெல்லோ அம்மா" எண்டன்.

"ஓம், படம்தான்" எண்டிட்டு எழும்பிப் போட்டா. சேட்டு என்ரை மடியிலை.

வடமராட்சி வாத்தி:
6 எண்டது அந்தக் கடைசிச் சண்டைக்காகவோ? அப்பிடியெண்டால் எனக்கும் சம்மதம். அவ்வளவு நேரமும் அமைதியா எடுத்திட்டு, முடிவிலை ஒரு மனிசனைப் புகைக்குள்ளாலை கத்தியோடை படியேற விட்டு, பிறகு இங்கிலாந்திலை வெயிலும் புல்லும் காட்டினால் எப்பிடி?

மூண்டாம் குறுக்கு:
சண்டைக்குத்தான் சேர். அம்மாவின்ரை கேள்விக்கு 10.

கொக்குவில்காரன்:
பிளேன்ரீ, நீர் சொன்னபடி எல்லாம் மாத்தினன். மோஷன் நிப்பாட்டியாச்சு, சினிமா மோட், ஸ்ரீரியோ. அப்பா இருட்டா இருக்காம், நான் ரீவியைப் பழுதாக்கிப்போட்டனாம் எண்டு நேற்றிலை இருந்து பேச்சு. பழையபடி விவிட் போட்டுக் குடுத்தாச்சு. இண்டைக்கும் அந்தச் சைக்கிள் இடத்தைத்தான் கேக்கிறார்.