பழைய யூசர்களை நீக்க முடியவில்லை, திங்கட்கிழமை ஆடிட். அவசரம்!

தூக்கம்_கெட்டவன்:
வணக்கம் நண்பர்களே. வேலையை விட்டுப் போனவர்கள் பெயரில் டேட்டாபேஸில் 37 லாகின் கிடக்கிறது. ஆடிட்டர் கேட்டுவிட்டார். நீக்கும் கட்டளையான டிராப் கொடுத்தால் எரர். அவர்களுடையதையும் சேர்த்து நீக்கும் கேஸ்கேட் போட்டாலும் எரர். என்ன செய்வது?

நெல்லை_லினக்ஸ்:
எந்த டேட்டாபேஸ்? எரரை அப்படியே ஒட்டுங்கள்.

மோர்க்குழம்பு:
ஆரக்கிளாகத்தான் இருக்கும். அந்த யூசர் உள்ளே இருந்தால் நீக்க விடாது. அவருடைய இணைப்பை, அதாவது செஷனை, முதலில் கொல்லுங்கள்.

பழைய_டிபிஏ:
தம்பி, யோசிக்காமல் கேஸ்கேட் போட்டீர்களா? ஆரக்கிளாக இருந்திருந்தால் அவர்களுடைய டேபிள் எல்லாம் சேர்ந்தே போயிருக்கும், நீங்களும் 38ஆவது ஆளாகப் பட்டியலில் ஏறியிருப்பீர்கள். மேனுவல் என்று ஒன்று இருக்கிறது.

தூக்கம்_கெட்டவன்:
மன்னிக்கவும், போஸ்ட்கிரெஸ். ரோலை (அங்கே யூசருக்கு அதுதான் பெயர்) டேபிள் போன்ற சில ஆப்ஜெக்ட்கள் சார்ந்திருப்பதால் நீக்க முடியாது என்கிறது. கேஸ்கேட் போட்டால் சின்டாக்ஸ் எரர்.

நெல்லை_லினக்ஸ்:
அங்கே டிராப் ரோலுக்குக் கேஸ்கேட்டே கிடையாது. முதலில் 'ரீஅசைன் ஓன்டு' போட்டு அவர் சொத்தையெல்லாம் வேறு ரோலுக்கு மாற்றுங்கள். அப்புறம் 'டிராப் ஓன்டு', அது மிச்சமிருக்கும் உரிமைகளைத் துடைக்கும். கடைசியில் டிராப் ரோல். வரிசை மாறினால் டேபிள் போய்விடும், ஜாக்கிரதை. முதல் இரண்டையும் ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும்.

மோர்க்குழம்பு:
எதற்கு நீக்க வேண்டும்? நோலாகின் ஆக்கி, உள்ளே நுழைய முடியாமல் முடக்கினால் போதாதா? கார்டு தகவல் பாதுகாப்புக்கான பிசிஐ விதியே 90 நாள் சும்மா கிடந்தால் நீக்கு அல்லது முடக்கு என்றுதான் சொல்கிறது.

பழைய_டிபிஏ:
முடக்கியதை எவனாவது திறந்துவிடுவான். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

மோர்க்குழம்பு:
சரி சார், போன ஆள் பெயரில் ராத்திரி பேக்கப் ஓடிக்கொண்டிருந்தால்? எங்கள் இடத்தில் அப்படித்தான் சம்பள ரிப்போர்ட் நின்றது. முடக்கி வைத்திருந்ததால் ஐந்து நிமிடத்தில் திருப்பினோம்.

பழைய_டிபிஏ:
ஆள் பெயரில் பேக்கப் ஓடவிட்டது யார் தப்பு?

சுக்குக்காபி:
குறுக்கே வருகிறேன். போஸ்ட்கிரெஸில் கடைசியாக எப்போது லாகின் ஆனார் என்று எங்கே பார்ப்பது?

நெல்லை_லினக்ஸ்:
அதை எந்த டேபிளிலும் வைப்பதில்லை. லாக்_கனெக்‌ஷன்ஸ் (யார் இணைந்தார் என்று பதியும் அமைப்பு) முன்பே ஆன் செய்திருந்தால் லாக்கில் தேடலாம். @தூக்கம்_கெட்டவன், எரருக்குக் கீழே டீடெய்ல் வரியைப் பாருங்கள், எந்த டேட்டாபேஸில் எத்தனை ஆப்ஜெக்ட் என்று இருக்கும்.

தூக்கம்_கெட்டவன்:
ஆமாம் அண்ணா, இன்னொரு டேட்டாபேஸில் சிக்கியிருந்தது. 36 போய்விட்டது. ஒன்று யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை, நோலாகின் போட்டுவிட்டேன். நன்றி.

மோர்க்குழம்பு:
அந்த ஒன்றின் பெயர் என்ன?