நாள்பட்ட முதுகுவலிக்கு மசாஜ்: போகலாமா, வேண்டாமா?

மழைக்குருவி:
மூன்று மாதத்தைத் தாண்டினாலே நாள்பட்ட வலி என்கிறார்கள், எனக்கு வருஷக்கணக்கில் ஆகிறது. கீழ்முதுகில் இடது பக்கம். காலுக்கு இறங்குவதில்லை, மரத்துப்போவதும் இல்லை. உட்கார்ந்து எழும்போதுதான் உயிர் போகிறது; மேசையைப் பிடித்தபடி பாதி குனிந்து கொஞ்ச நேரம் நின்றால்தான் நிமிரவே முடியும். டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, நன்றாக நடங்கள் என்று அனுப்பிவிட்டார். மசாஜ் செய்து பார்க்கலாமா?

நேர்கோடு:
வேண்டாம் சகோ. படுத்திருக்கும்வரை சுகம், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடுகிற காக்ரேன் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 25 சோதனைகளை, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு வலி கொஞ்சம் குறையலாம், அதற்கும் ஆதாரத்தின் தரம் மட்டம் என்றுதான் முடித்தார்கள். "நச்சு வெளியேறும்", "நரம்பு முடிச்சு அவிழும்" என்று யாராவது ஆரம்பித்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன.

தாமரை:
நச்சுக் கதை பொய்தான், அதற்காக மசாஜே பொய்யா? 2011இல் அனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 401 பேர், வாரம் ஒரு தடவை வீதம் பத்து வாரம். முடிவில் மசாஜ் செய்துகொண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வலி போய்விட்டது அல்லது வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார்கள். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 4 சதவீதம். எனக்குப் பிடித்த விஷயம் வேறு: தசையைத் தேடிப்பிடித்து ஆழமாக அழுத்துகிற முறை, உடம்பைத் தளர்த்துகிற சாதாரண மசாஜ் என்று இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள், இரண்டுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. விசேஷ முறை என்று அதிகப் பணம் கேட்பவரிடம் ஏமாற வேண்டாம்.

நேர்கோடு:
அந்த ஆய்வில் யார் எந்தக் குழு என்பது அவரவருக்குத் தெரியுமே. மாத்திரை என்றால் போலி மாத்திரை கொடுத்துச் சோதிக்கலாம், முதுகை அழுத்தினார்களா இல்லையா என்று யாரை ஏமாற்ற முடியும்? மசாஜ் கிடைக்கும் என்று வந்து கிடைக்காமல் போனவர் "பரவாயில்லை, குறைந்துவிட்டது" என்றா சொல்வார்? அதோடு, ஆறு மாதம்வரை தெரிந்த பலன் ஒரு வருஷத்தில் பெரும்பாலும் கரைந்துவிட்டது. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்?

தாமரை:
வலி மாத்திரை மட்டும் ஒரு வருஷம் நிற்கிறதா? ஆறு மாதம் நிம்மதியாக எழுந்து உட்கார முடிந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல, வலியில்லாத ஆளால்தான் முடியும். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் மசாஜ் இருக்கிறது. இடுப்பு பெல்ட், முதுகெலும்பை இழுத்து வைக்கிற இழுவைச் சிகிச்சை எல்லாம் வேண்டாம் என்று சொன்னதும் அதே வழிகாட்டுதல்தான்.

நேர்கோடு:
அதே வழிகாட்டுதலில் உடற்பயிற்சியும் இருக்கிறது. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இல், உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான் மசாஜ், தனியாக இல்லை என்றது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் சங்கம் 2017இல் மசாஜைப் புதிதாக வந்த வலிக்குத்தான் சொன்னது; நாள்பட்ட வலிக்கான பரிந்துரையில் உடற்பயிற்சி, யோகா, தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி என்றெல்லாம் இருக்கிறது, மசாஜ் இல்லை.

இரவுப்பயணி:
பிசியோவாக (இயன்முறை சிகிச்சையாளர்) வேலை பார்க்கிறேன், நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் ஆய்வுகளை வைத்து அடித்துக்கொள்ளும்போது கேட்டவருக்கு வேண்டியது விட்டுப்போகிறது. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்ச்சி குறைந்தாலோ, கால் வலுவிழந்தாலோ மசாஜ் பேச்சே கூடாது, நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் இருந்தது என்றால் டாக்டரிடம் முதலில் காட்ட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், எலும்பு அடர்த்தி குறைந்தவர்கள், காலில் ரத்தக்கட்டி உள்ளவர்கள் கேட்காமல் படுக்காதீர்கள்.

அப்புறம் "வலித்தால்தான் பலன்" என்பது சும்மா. அழுத்தும்போது உங்களை அறியாமல் மூச்சைப் பிடிக்கிறீர்களா, விரல்கள் மடங்குகிறதா, அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். வாயைத் திறந்து சொல்லுங்கள். மறுநாள் லேசாக வலிப்பது சகஜம், போகப் போகக் கூடினால் நிறுத்திவிடுங்கள்.

மழைக்குருவி:
நன்றி. கவிழ்ந்து படுத்தாலே எனக்கு இழுக்கிறது. பக்கவாட்டில் படுத்தால் செய்வார்களா?

இரவுப்பயணி:
தாராளமாக. முழங்கால்களுக்கு நடுவே தலையணை கேளுங்கள். கவிழ்ந்துதான் ஆக வேண்டும் என்றால் வயிற்றுக்கு அடியில் ஒன்று.

நேர்கோடு:
போவதென்று முடிவு செய்துவிட்டீர்கள், சரி. போகும் முன்பே எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது, எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று எழுதி வையுங்கள். சில வாரத்தில் அந்த எண் நகரவில்லை என்றால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் படுத்துக் கிடக்காமல் நடக்கவும் வேண்டும்.

தாமரை:
இதைத்தானே நானும் சொன்னேன்.

நேர்கோடு:
இல்லை. நீங்கள் நடையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, மேலே போய்ப் படித்துப் பாருங்கள்.