ஒரு சொட்டு ஃபேஜ், ஒரு ராத்திரி: லேபில் உங்களுக்கு நடந்தது என்ன?

பழைய டெக்னீஷியன்:
நானே ஆரம்பிக்கிறேன். காலராக் கிருமியில் கிளாசிகல், எல் டோர் என்று இரண்டு வகை. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இவற்றைப் பிரித்துச் சொல்ல முகர்ஜியின் நான்காம் ஃபேஜ் வைத்திருந்தோம். ஃபேஜ் என்றால் பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ். கல்கத்தாவில் அவர் வகைப்படுத்திய காலரா ஃபேஜ்களில் ஒன்று அது. கிளாசிகலைக் கரைத்துவிடும், எல் டோரைத் தொடாது.

வேலை என்னவோ எளிதுதான். சில மணி நேரம் வளர்ந்த கிருமிக் கல்ச்சரை அகார் (கிருமி வளரும் ஜெல்லி) தட்டு முழுக்க ஓடவிட்டு, மிச்சத்தை வழித்தெடுத்து, மூடியைச் சற்றே திறந்து உலரவிடணும். ஈரம் இருந்தால் சொட்டு வழிந்து பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடும். அப்புறம் ஃபேஜ் ஒரு சொட்டு வைத்து, ராத்திரி முழுக்க 37 டிகிரியில். காலையில் தட்டு முழுக்க வெள்ளைப் படலம் இருக்கும். ஃபேஜ் வென்றிருந்தால் சொட்டு வைத்த இடம் மட்டும் தெளிந்திருக்கும், பனி படிந்த கண்ணாடியில் விரல் வைத்தெடுத்த மாதிரி.

முதல் மாதமே சொதப்பினேன். அன்று பார்த்த தட்டுகள் எல்லாவற்றிலும் ஓட்டை. "எல்லாம் கிளாசிகல்" என்று எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். மேடம் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை, விடை தெரிந்த கிருமியை ஒப்பிட வைக்கும் கன்ட்ரோல் தட்டைக் கேட்டார். எல் டோர் என்று நமக்கு நன்றாகத் தெரிந்த ஸ்ட்ரெயின் (கிருமி வம்சம்), அதிலும் ஓட்டை! "எந்த பாட்டிலிலிருந்து எடுத்தே?" என்றார். நீர்க்காத ஸ்டாக்கையே சொட்டியிருந்தேன். ஃபேஜ் அளவுக்கு மீறிப் போனால், அது உள்ளே பெருகாத பாக்டீரியாகூட உடைந்துபோகலாம். பத்துப் பத்து மடங்காக நீர்த்து, சரியான ஸ்ட்ரெயினைக் கிட்டத்தட்ட முழுதாகக் கரைக்கும் கடைசி அளவைத்தான் எடுக்கணும். அதைத் திரும்பச் செய்து முடிக்க இரண்டு நாள் ஆனது.

மாட்டு டாக்டர்:
அண்ணாச்சி, எங்களுக்கு அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். செத்த ஆட்டை அறுத்துப் பார்க்க மாட்டோம், காற்றுப் பட்டால் கிருமி ஸ்போர் (கெட்டியான வித்து) ஆகி மண்ணில் தங்கிவிடும். காது நரம்பிலிருந்து ரத்தம் எடுப்பதோடு சரி. ஒரு தடவை மேய்ச்சல் நில மண்ணிலிருந்து சுருள்முடி போன்ற ஓரத்தோடு ஒரு காலனி வந்தது. அடைப்பான் கிருமி இப்படித்தான் இருக்கும், அதன் சொந்தக்காரக் கிருமியான பாசில்லஸ் சீரியஸும் இப்படித்தான் இருக்கும். மூட்டையைக் கட்டிக்கொண்டு பாதுகாப்பு லேபுக்குப் போனோம். அடைப்பான் கிருமியைக் கரைக்கும் காமா ஃபேஜ் வைத்தோம், பக்கத்தில் அதை வளரவிடாத பெனிசிலின் டிஸ்க். 1955-லிருந்து புழக்கத்தில் இருக்கும் ஃபேஜ் அது. காலையில் படலம் அப்படியே இருந்தது, டிஸ்க்கைச் சுற்றியும் வளர்ந்திருந்தது. அடைப்பான் இல்லை, பாசில்லஸ் சீரியஸ்தான். அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். இருந்தாலும் அபூர்வமாகச் சில சீரியஸும் காமாவுக்குக் கரையும், அதனால் ஃபேஜை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போட மாட்டேன்.

எம்.எஸ்ஸி. மாணவி:
இப்போ கிருமியோட மரபணுவையே படிக்கிற சீக்வென்சிங் இருக்கே சார், இதெல்லாம் எதுக்கு?

பழைய டெக்னீஷியன்:
இருக்கிற இடத்தில் செய்யுங்கம்மா, நான் வேண்டாம் என்றா சொன்னேன்? 1964-இல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் 400 பேருக்கு மேல் டைஃபாய்டு. ஃபேஜ் வைத்துப் பார்த்தபோது வகை 34 என்று வந்தது. பிரிட்டனில் அரிதான வகை, தென் அமெரிக்காவில் இருப்பது. அர்ஜென்டினாவிலிருந்து வந்த டின் மாட்டிறைச்சி மேல் சந்தேகம் வலுக்க அதுவும் ஒரு காரணம். தொழிற்சாலையில் சூடான டின்களைக் குளிரவைத்தது சுத்திகரிக்காத ஆற்றுத் தண்ணீரில். அப்போது கையில் இருந்தது தட்டும் சொட்டும்தான்.

டாக்டர், கரையும் கன்ட்ரோல் எது வைத்தீர்கள்?

மாட்டு டாக்டர்:
ஸ்டெர்ன், அடைப்பான் தடுப்பூசி ஸ்ட்ரெயின். பளிச்சென்று ஓட்டை விழுந்தது. அதையும் மேடம்தான் முதலில் கேட்டார், எங்க மேடம்.