வெங்காய டார்ட்டின் அடிப்பாகம் மொறுமொறுப்பாக வர என்ன வழி?

பஃப் பேஸ்ட்ரியில் (சுட்டால் அடுக்கடுக்காகப் பொங்கும் மாவு) பிரெஞ்சு வெங்காய டார்ட் செய்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் ஒரு சந்தேகம் தீர வேண்டும்.

வெங்காயத்தில் பிரச்சினை இல்லை. ஒரு கிலோவை மெல்லியதாக நறுக்கி, உப்பும் தைம் இலையும் போட்டு, வெண்ணெயில் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வதக்கினால் அல்வா பதத்துக்குச் சுருண்டு பழுப்பாகிவிடுகிறது. (சர்க்கரை சேர்க்கிறவர்களுக்குப் பொறுமை இல்லை என்பது என் கட்சி.) சிக்கல் மாவில்தான். ஓரமெல்லாம் அடுக்கடுக்காகப் பொங்கி நிற்கிறது, நடுவில் மட்டும் அடிப்பாகம் சொதசொதவென்று இருக்கிறது. ஓவனில் 200 டிகிரி வைக்கிறேன். வெங்காயத்தையும் நன்றாக ஆறவைத்துத்தான் பரப்புகிறேன்.

நடுவில் முள்கரண்டியால் குத்தி, மாவை மட்டும் முதலில் பாதி சுட்டுக்கொள்ளலாமா? இல்லை, தட்டை முன்கூட்டியே சூடாக்கினாலே போதுமா?

அப்புறம், பிரான்ஸின் நீஸ் நகரத்து வெங்காய டார்ட்டான பிஸ்ஸலதியேர் போல மேலே உப்பில் ஊறிய நெத்திலியும் கறுப்பு ஆலிவும் அடுக்க ஆசை. ஆனால் வருகிறவர்களில் இருவர் சைவம். அவர்கள் பங்குக்கு நெத்திலிக்குப் பதில் கேப்பர்ஸ் (உப்பில் ஊறவைத்த பூமொட்டு) போட்டால் அந்த உப்புக்கரிப்பு கிடைக்குமா?