அப்டேட்: மூணு போனையும் வயல்லயும் கோயில்லயும் வச்சு பாத்தாச்சு

சாம்சங் எஸ்24 அல்ட்ரா, ஐபோன் 15 ப்ரோ மேக்ஸ், கூகுள் பிக்சல் 8 ப்ரோ இதுல எத எடுக்கலாம்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அண்ணன்கிட்டயும் மச்சான்கிட்டயும் கடன் வாங்கி மூணையும் மாத்தி மாத்தி ஓட்டியாச்சு.

மன்னார்குடி பக்கம் இப்ப குறுவை நடவு, உச்சி வெயில்ல வரப்புல நின்னு திரைய பாக்கணும்னா அல்ட்ராதான் கெத்து, அந்த கண்ணாடி எதிரொளிப்ப நல்லா அடக்குது. ஆனா எந்த போனா இருந்தாலும் சூடேறுனா வெளிச்சத்த தானா குறைச்சுக்கும், அதுக்கு நிழல்தான் மருந்து. அல்ட்ராவோட எடை வேற 230 கிராமுக்கு மேல, சட்டைப்பையில போட்டு குனிஞ்சா நேரா சேத்துலதான். மூணுமே ஐபி68தான் (தூசி, தண்ணி தாங்குற தரம்), ஆனா அது நல்ல தண்ணிக்கு சோதிச்சது, வாய்க்கா சேத்துக்கு இல்ல மக்களே.

தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்து சிற்பம் எடுக்க மூணுலயும் 5 மடங்கு ஜூம் இருக்கு, பகல்ல பெருசா வித்தியாசம் தெரியல. வீடியோன்னா ஐபோன், பேச்சே இல்ல. ஆனா எங்க அப்பத்தாவ சாயங்காலம் திண்ணையில வச்சு பிக்சல்ல எடுத்தேன் பாருங்க, மாவு பூசாம அந்த கருப்பு நிறம் அப்படியே வந்துச்சு!

பிக்சலுக்கும் அல்ட்ராவுக்கும் 7 வருச சாப்ட்வேர் அப்டேட் வேற. நான் பிக்சல் பக்கம் சாஞ்சுட்டேன், அறுவடை காசு வரட்டும்.